கீராத் முதல் ஹால்மார்க் வரை: பொன்னின் மாற்றுக்கு ஒரு சாட்சி

அரபு இலக்கியத்தில் 'நக்த்' என்னும் சொல் இன்று திறனாய்வைக் குறிக்கும். குதாமா இப்னு ஜஃபர் எழுதிய 'நக்துஷ் ஷிஃர்' என்னும் நூற்பெயரிலேயே அச்சொல் கவிதைத் திறனாய்வு என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. ஆயினும் கவிதைக்கு வருமுன் அச்சொல் கடைவீதியில் வாழ்ந்தது. நாணயத்தை விரலால் சுண்டி, ஒலி கேட்டு, நிறம் பார்த்து, நல்லதையும் போலியையும் பிரித்தறிபவனே முதலில் 'நாகித்' எனப்பட்டான். போலி நாணயத்தைக் குறித்த 'ஸைஃப்', 'பஹ்ரஜ்' என்னும் சொற்களும் அவனுடைய தொழிற்சொற்களே.

ஹதீஸ் கலை அறிஞர்களும் தம் பணியை விளக்க இத்தொழிலையே உவமை காட்டினர். அறிவிப்பாளர் ஒருவர் பொய்யுரைப்பதை எவ்வாறு அறிகிறீர் என்று அப்துர் ரஹ்மான் இப்னு மஹ்தி (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, நாணயம் பார்ப்பவனிடம் திர்ஹம்களைக் காட்டினால் இது நல்லது, இது போலி என்று அவன் சொல்வதை ஏற்றுக்கொள்கிறீர் அல்லவா என்னும் கருத்துப்பட விடையளித்தார்கள். 'ஃபித்னா' என்னும் சொல்லின் வேருக்கும், பொன்னின் தரம் வெளிப்பட அதனை நெருப்பில் இடுதல் என்பதே மூலப்பொருள் என்று ராகிப் அல்-இஸ்ஃபஹானீ விளக்குகிறார். சோதனை என்னும் கருத்தே பொற்கொல்லனின் உலையிலிருந்து பிறந்தது என்பது இதனால் பெறப்படும்.

இவ்வளவு சொல்வளம் பொன்னைச் சோதிப்பதைச் சுற்றி வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. பொன்னின் எடையைத் தராசு காட்டிவிடும். அதன் மாற்றைத் தராசு காட்டாது. வாங்குவோர் பெரும்பாலோர்க்கு அதனைக் கண்டறியும் கலையும் இல்லை. எனவே அறிந்தவன் ஒருவன் அறியாதவனுக்குச் சான்று பகர வேண்டியதாயிற்று. அணிகலனில் பொறிக்கப்படும் முத்திரை அச்சான்றின் எழுத்து வடிவமே. அச்சான்று எவ்வாறு உருப்பெற்றது, அதனை அளிக்கத் தகுதியுடையோர் யாவர், நம் கொடுக்கல் வாங்கலிலும் ஸகாத்திலும் அதன் இடம் யாது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கைபரின் கழுத்தணி

ஸஹீஹ் முஸ்லிமில் ஃபளாலா இப்னு உபைத் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு செய்தி வந்துள்ளது. கைபர் நாளில் பொன்னும் மணிகளும் கோத்த கழுத்தணி ஒன்றைப் பன்னிரண்டு தீனார்களுக்கு அவர்கள் வாங்கினார்கள். பின்னர் மணிகளைப் பிரித்துப் பார்த்தபோது, அதிலிருந்த பொன் மட்டுமே பன்னிரண்டு தீனார்களைவிட மிகுதியாய் இருந்தது. இதனை நபி (ஸல்) அவர்களிடம் எடுத்துரைத்தபோது, பிரித்துப் பார்க்கும் வரை அதனை விற்கலாகாது என்று பணித்தார்கள்.

இந்நிகழ்ச்சியில் வஞ்சித்தவர் எவருமில்லை. வாங்கியவர்க்கு இலாபமே கிட்டியது. அவ்வாறிருந்தும் அவ்வணிகம் ஏற்கப்படவில்லை. அணிகலனுக்குள் பொன் எவ்வளவு என்பது அறியப்படாமல் இருந்ததே குறை. பொன்னுக்குப் பொன் மாற்றப்படும்போது எடை சமமாகவும், கைக்குக் கை உடனடியாகவும் இருத்தல் வேண்டும் என்பது உபாதா இப்னுஸ் ஸாமித் (ரலி) உள்ளிட்டோர் அறிவித்த நபிமொழிகளின் சாரம். சமம் என்று சொல்வதற்கு இருபுறத்து அளவும் தெரிந்திருக்க வேண்டும். அளவு தெரியாத சமம், ஷரீஅத்தின் பார்வையில் சமமன்று.

பொன்னின் அளவை அறிந்த பின்னரே விலை பேச வேண்டும் என்னும் இவ்விதி, பின்னாளில் அங்காடிச் சட்டங்களில் நாம் காணும் கட்டுப்பாடுகளுக்கெல்லாம் அடித்தளமாய் அமைந்தது.

இருபதும் இருபத்து நான்கும்

இன்று நகைக்கடையில் ஒலிக்கும் 'காரட்' என்னும் சொல் பயணம் செய்து வந்த சொல். கிரேக்கத்தில் 'கெராத்தியோன்' என்பது ஒருவகை மரத்தின் காய்க்குள் இருக்கும் விதையைக் குறித்தது. அரபியில் அது 'கீராத்' ஆயிற்று. அரபியிலிருந்து இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று, அங்கிருந்து காரட்டாக நம்மிடம் வந்து சேர்ந்தது.

விதை எவ்வாறு மாற்றின் அளவாயிற்று? உரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட 'சோலிதஸ்' என்னும் பொற்காசு, உரோம இறாத்தலில் 72-இல் ஒரு பங்கு எடையுடையது. அது 24 கெராத்திய எடையாகப் பகுக்கப்பட்டது. முழுப் பொற்காசு 24 பங்கு என்றால், 22 பங்கு பொன்னும் 2 பங்கு பிற உலோகமும் கலந்த காசு 22 காரட் ஆகும். இவ்வாறு எடையின் பெயர், விகிதத்தின் பெயராக மாறியது. வைரம் முதலிய கற்களுக்குச் சொல்லப்படும் காரட் இன்றளவும் எடையே. அது 200 மில்லிகிராம். பொன்னுக்குச் சொல்லப்படும் காரட் எடையன்று, 24-இல் எத்தனை பங்கு பொன் என்னும் விகிதம். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் கற்றோரிடையேயும் உளர்.

இஸ்லாமிய உலகில் கீராத்தின் கணக்கு ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஹதீஸ் சொற்களுக்கு அகராதி கண்ட மஜ்துத்தீன் இப்னுல் அதீர் தம் 'நிஹாயா'வில், பெரும்பாலான நாடுகளில் கீராத் என்பது தீனாரில் இருபதில் ஒரு பங்கு என்றும், ஷாம் நாட்டார் அதனை இருபத்து நான்கில் ஒரு பங்காகக் கொள்வர் என்றும் குறிப்பிடுகிறார். ஹனஃபி மத்ஹபின் ஃபிக்ஹ் நூல்களில் ஒரு மித்கால் இருபது கீராத் என்று ஓதும் மாணவர், கடையில் இருபத்து நான்கு என்று கேட்டு வியப்பதற்குக் காரணம் இவ்விருவேறு மரபுகளே. ஃபிக்ஹ் நூலின் இருபது எடைக் கணக்கு. கடையின் இருபத்து நான்கு மாற்றுக் கணக்கு.

தீனாரும் கண்ணாடிப் படிக்கற்களும்

உமைய்யா கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் ஹிஜ்ரி 77-இல் (கி.பி. 696-97) உருவங்கள் அற்ற, திருவசனங்கள் மட்டுமே பொறித்த தீனாரை வெளியிட்டார். பைஸாந்தியப் பேரரசுடன் எழுந்த பூசலே இதற்குத் தூண்டுகோல் என்பது பலாதுரீ தரும் செய்தி. எகிப்திலிருந்து உரோமர்க்குச் சென்ற பாப்பிரஸ் தாள்களில் தவ்ஹீதின் வாசகம் எழுதப்பட்டதைப் பேரரசர் வெறுத்தார். அதனை நீக்காவிடில் தம் பொற்காசுகளில் நபி (ஸல்) அவர்களைக் குறித்து இழிமொழி பொறிப்பதாக எச்சரித்தார். அதன் பின்னர் கலீஃபா தம் சொந்த நாணயத்தையே அடிக்கத் துணிந்தார் என்பர்.

புதிய தீனாரின் எடை 4.25 கிராம். அதன் பொன் மிக உயர்ந்த மாற்றுடையது என்பதை அருங்காட்சியகங்களில் உள்ள காசுகள் மீது நிகழ்ந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. பலரும் அக்காசின் எழுத்தழகையே வியப்பர். ஆனால் அணிகலனின் மாற்றை அறியும் வரலாற்றுக்கு அதன் பங்களிப்பு வேறொன்று. அரசு உறுதியளித்த மாற்றும் எடையும் கொண்ட பொன்துண்டு ஒன்று ஒவ்வோர் அங்காடிக்கும் கிடைத்தது. பிற பொன்னை ஒப்பிட்டுப் பார்க்க அதுவே அளவுகோலாயிற்று.

எடைக்கும் இத்தகைய அளவுகோல் தேவைப்பட்டது. ஹஜ்ஜாஜின் ஆட்சியில் சுமைர் என்னும் யூதர் ஒருவர் படிக்கற்களைச் செய்தளித்தார் என்றும், அதற்குமுன் மக்கள் ஒரு காசை மற்றொரு காசால் எடையிட்டு வந்தனர் என்றும், படிக்கற்கள் வந்தபின் ஒருவரை ஒருவர் வஞ்சிப்பது குறைந்தது என்றும் வரலாற்றாசிரியர் இஸ்ஸுத்தீன் இப்னுல் அதீர் எழுதுகிறார். (மேலே குறித்த அகராதியாசிரியர் மஜ்துத்தீனும் இவரும் உடன்பிறந்தோர்.) எகிப்தில் இப்படிக்கற்கள் கண்ணாடியால் வார்க்கப்பட்டு, அதிகாரிகளின் பெயர் அச்சிடப்பட்டன. உலோகக் கல்லை அராவினால் எளிதில் தெரியாது; கண்ணாடி மூலை உடைந்தால் உடனே தெரிந்துவிடும். நேர்மையை மனிதரின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடாமல், கருவியிலேயே அமைத்துவைத்த அறிவு இது.

நாணயத்துக்கு முத்திரை உண்டு. ஆனால் அக்காசும் தேயும். கெய்ரோவின் கெனீஸா ஆவணங்களில், தேர்ந்த நாணயச் சோதகர் எண்ணி, எடையிட்டு, தொகையை வெளியில் எழுதி முத்திரையிட்ட பணப்பைகளைக் காண்கிறோம். இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் ஈடுபட்டோரின் கடிதங்களும் அத்தொகுதியில் உள்ளன. பையைப் பிரிக்காமலே அது கைமாறியது. பொருளை விற்பவனும் அல்லாத, வாங்குபவனும் அல்லாத மூன்றாமவனின் முத்திரையை நம்பி வணிகம் நடந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

உரைகல், நெருப்பு, நீர்

மாற்றை அறிய முன்னோர்க்கு மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது உரைகல், அரபியில் 'மிஹக்'. கரிய கல்லில் பொன்னைத் தேய்த்து, அக்கோட்டின் நிறத்தை மாற்றறிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பிடுதல். தமிழரும் இதில் தேர்ந்தவர்களே. சங்கப் புலவர் சிலரின் பெயரோடு இணைந்த 'வண்ணக்கன்' என்னும் சொல் நாணயச் சோதகரைக் குறிப்பது. பொன்னின் நிறமே அதன் தரத்தைச் சொல்லும் என்னும் கருத்து அப்பெயரில் அடங்கியுள்ளது. கட்டளைக்கல்லை வள்ளுவரும் உவமையாக ஆண்டிருக்கிறார்.

இரண்டாவது நெருப்பு. பத்தாம் நூற்றாண்டு யமன் அறிஞர் ஹம்தானீ, பொன், வெள்ளி இரண்டையும் பற்றியே 'கிதாபுல் ஜவ்ஹரதைன்' என்னும் தனி நூல் எழுதினார். அய்யூபி சுல்தான் அல்-காமிலின் (ஆட்சி 1218-1238) காலத்தில் கெய்ரோ நாணயச்சாலையில் பணியாற்றிய மன்ஸூர் இப்னு பஃரா, அச்சாலையின் தொழில்நுணுக்கங்களை வெளிப்படுத்தும் நூலொன்றை இயற்றினார். மெல்லிய தகடாக்கிய பொன்னை உப்பும் செங்கற்பொடியும் கலந்த கலவையோடு அடுக்கடுக்காக வைத்து நீண்ட நேரம் சூடேற்றுவர். கலந்திருக்கும் வெள்ளியை அக்கலவை ஈர்த்துக்கொள்ளப் பொன் மட்டும் எஞ்சும். அணிகலனுக்காக உலோகத்தை உருக்கும்போது மேலெழும் நுரையை அசத்தியத்துக்கு உவமை கூறும் ஸூரத்துர் ரஃதின் திருவசனத்தை ஓதுவோர், அவ்வுவமை எத்துணை நேரடியான தொழிற்காட்சி என்பதை இந்நூல்களின் துணையால் நன்கு உணரலாம்.

மூன்றாவது நீர். நெருப்பு அணிகலனை அழித்துவிடும். உரைகல் மேற்பரப்பை மட்டுமே காட்டும். அழிக்காமல் உள்ளே இருப்பதை அறிய வேண்டுமெனில் என் செய்வது? அல்-பீரூனீ தாம் வடிவமைத்த கூம்புக் கலத்தின் உதவியால், உலோகங்கள் வெளியேற்றும் நீரை எடையிட்டு அவற்றின் அடர்த்தி விகிதத்தைக் கணித்தார். பொன்னுக்கு அவர் கண்ட அளவு இன்றைய 19.3-க்கு மிக நெருங்கியது. அவர்தம் ஆய்வை வளர்த்த அல்-காஸினீ, ஹிஜ்ரி 515-இல் (கி.பி. 1121-22) மர்வ் நகரில் ஸல்ஜூக் சுல்தான் ஸன்ஜருக்காக 'மீஸானுல் ஹிக்மா' எழுதினார். காற்றிலும் நீரிலும் எடையிட்டு, பொன்னில் வெள்ளி எவ்வளவு கலந்துள்ளது என்பதைக் கூறும் தராசின் விளக்கம் அந்நூலில் உண்டு. கவிஞராக மட்டுமே பலர் அறிந்த உமர் கய்யாமும் இப்பொருள் குறித்து எழுதியிருக்கிறார்.

முஹ்தஸிபின் கண்

அறிவியல் இருந்தும், அங்காடியில் அதனை நடைமுறைப்படுத்த ஓர் அமைப்பு வேண்டும். அதுவே 'ஹிஸ்பா'. பன்னிரண்டாம் நூற்றாண்டினரான ஷைஸரீ, முஹ்தஸிபுக்கான தம் கையேட்டில் பொற்கொல்லர்க்கென ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளார். அவர் கூறும் விதிகளின் சாரம் வருமாறு:

கலப்புள்ள அணிகலனை விற்றால், கலப்பின் அளவை வாங்குவோர்க்கு அறிவிப்பது விற்பவர் மீது கடமை. ஒருவருக்கு நகை செய்ய அவருடைய பொன்னை உருக்குவதானால், எடையை உறுதிசெய்த பின்னர், உரியவர் முன்னிலையிலேயே உருக்க வேண்டும். உருக்கி முடிந்ததும் மீண்டும் எடையிட வேண்டும். பற்றவைப்புக்கு வேறு உலோகம் தேவையெனில், சேர்க்குமுன் அதனை எடையிட வேண்டும். கற்களையும் உரியவர் முன்னிலையில் எடையிட்ட பின்னரே பதிக்க வேண்டும். பொற்கொல்லர் கடையின் மண்ணையும் சாம்பலையும் பொன்னுக்கோ வெள்ளிக்கோ விற்கலாகாது; அவற்றுள் பொன், வெள்ளித் துகள் இருக்குமாதலால் வட்டியில் போய் முடியும். செப்புக் காசுக்கோ வேறு பொருளுக்கோ விற்கலாம்.

நம் ஊர்களில் பொற்கொல்லர் தெருவின் மண்ணை அரித்துப் பொன்துகள் எடுப்போரை அறிந்தவர்கள், இக்கடைசி விதி எவ்வளவு நுட்பமாக வாழ்க்கையைக் கண்டது என்பதை உணர்வர். பற்றவைப்பு குறித்த விதியும் அத்தகையதே. 'பொடி வைத்து ஊதுதல்' என்னும் நம் தமிழ் வழக்கு, வெளித்தெரியாமல் உள்ளே ஒன்றை வைப்பதைச் சுட்டுகிறது. அது பொற்கொல்லரின் பற்றவைப்பிலிருந்து வந்த வழக்கே. பொடியில் மாற்றுக் குறையும் என்பதை மக்கள் அறிந்திருந்தனர்.

ஷைஸரீயின் விதிகளில் ஒரு குறையும் உண்டு. கலப்பை அறிவிக்க வேண்டியவர் விற்பவரே. அவர் வாய்மையைச் சரிபார்க்க முஹ்தஸிபின் வருகை ஒன்றே வழி. பொருளிலேயே சான்று பதிந்திருந்தால், முஹ்தஸிப் இல்லாத இடத்திலும் அது பேசும். வரலாற்றின் அடுத்த அடி இத்திசையிலேயே வைக்கப்பட்டது.

பன்வாரி

தில்லி சுல்தான்களின் நாணயச்சாலையில் பணியாற்றிய ஜைனர் தக்குர ஃபேரு, 1318-இல் 'திரவிய பரீக்ஷா' என்னும் நாணயச் சோதனை நூலை எழுதினார். முஸ்லிம் அரசின் நாணயச்சாலையில் சமண அறிஞர் ஒருவர் மாற்றறியும் பொறுப்பில் இருந்தார் என்பது, இக்கலை சமயம் கடந்து கைமாறிய ஒன்று என்பதைக் காட்டும்.

அக்பரின் நாணயச்சாலையை அபுல் ஃபள்ல் 'ஆயீனே அக்பரீ'யில் விரிவாக வருணித்துள்ளார். ஈரானில் மாற்றைப் பத்துப் படியாகவும், இந்தியாவில் பன்னிரண்டு படியாகவும் கணிப்பர் என்கிறார். 'பாரஹ்பானீ' என்பது பன்னிரண்டு படியும் நிறைந்த தூய பொன். தேர்ந்த ஸர்ராஃப்கள் நிறத்தைக் கொண்டே மாற்றைக் கூறிவிடுவர். எனினும் பிறரும் ஐயமற அறியும்பொருட்டு 'பன்வாரி' என்னும் முறை ஏற்படுத்தப்பட்டது என்று அவர் எழுதுவது குறிப்பிடத்தக்கது. பித்தளை ஊசிகளின் முனையில் வெவ்வேறு மாற்றுடைய பொன்துண்டுகளைப் பொருத்தி, அவற்றின் மாற்றையும் எழுதிவைத்தனர். சோதிக்கும் பொன்னின் கோட்டையும் ஊசிகளின் கோட்டையும் உரைகல்லில் அருகருகே இழுத்து ஒப்பிட்டனர்.

இம்முறையால் பழைய மதிப்பீடுகள் சில சரிந்தன. பத்துப் படி எனக் கொள்ளப்பட்ட தக்காணத்தின் ஹூன் எட்டரையாக நிர்ணயிக்கப்பட்டது. பன்னிரண்டு எனப் புகழ்பெற்றிருந்த அலாவுத்தீனின் தீனார் பத்தரையாக நின்றது. தமிழில் தூய பொன்னைப் 'பத்தரை மாற்று' என்பது இங்கு நினைவுக்கு வரலாம். அளவுகோல்கள் வெவ்வேறானவை ஆதலின் இரண்டையும் இணைத்து முடிபு காண்பது தகாது. நாம் கொள்ள வேண்டிய பாடம் வேறு. ஒரு பொன்னுக்குப் பரம்பரையாக வழங்கிய நற்பெயர், சோதனையின் முன் நிற்கவில்லை. வல்லுநர் ஒருவரின் கண்ணில் மட்டும் இருந்த அறிவு, பலரும் கண்டு ஒப்பிடத்தக்க அளவுகோலாயிற்று.

'ஸஹ்' முத்திரையும் சிறுத்தைத் தலையும்

உதுமானியர் ஆட்சியில் செய்யப்பெற்ற வெள்ளிக்கலங்களில் சுல்தானின் துக்ராவும், அதனருகே 'ஸஹ்' என்னும் சிறு முத்திரையும் காணப்படும். 'சரியானது' என்பதே அவ்வரபுச் சொல்லின் பொருள். ஹதீஸை ஸஹீஹ் என்று சொல்லும் அதே வேர்ச்சொல் கலத்தின் தூய்மைக்குச் சான்றாயிற்று. கலத்தின் அடியில் நெளிகோடு ஒன்றும் இருக்கும். சோதனைக்காக உலோகத்தைச் சுரண்டி எடுத்த தடம் அது. சோதனை மாதிரிக்கு அவர்கள் வழங்கிய 'சாஷ்னீ' என்னும் பாரசீகச் சொல்லுக்குச் சுவைத்துப் பார்த்தல் என்பது பொருள்.

இங்கிலாந்தில் 1300-ஆம் ஆண்டுச் சட்டம், சோதிக்கப்பட்ட கலங்களில் சிறுத்தைத் தலை முத்திரை பொறிக்க வேண்டும் என்றது. 1478 முதல் இலண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்துக்குப் பொருள்களைக் கொண்டுவந்து முத்திரையிட்டனர். மண்டபத்தின் முத்திரை என்னும் பொருளிலேயே 'ஹால்மார்க்' என்னும் சொல் பிறந்தது.

ஆங்கிலேயரின் பொன்மரபு நம் அன்றாடப் பேச்சிலும் கலந்துவிட்டது. நாம் 'சவரன்' என்பது 'சாவரின்' என்னும் ஆங்கிலப் பொற்காசின் பெயர். 'பவுன்' என்பதோ அதன் பண மதிப்பான பவுண்டின் பெயர். அக்காசு 22 காரட், எடை 7.99 கிராம். எட்டுக் கிராம் ஒரு சவரன் என்றும், நகைக்கு 22 காரட்டே இயல்பு என்றும் நாம் கொள்வதற்கு அக்காசோடு தொடர்புண்டு. 24-இல் 22 பங்கு என்பதை ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் 916.67 ஆகும், '916' என்னும் எண்ணின் விளக்கம் இதுவே. இவ்வாறே 18 காரட் 750. 14 காரட் 585.

இந்திய முத்திரை

விடுதலை பெற்ற இந்தியாவில் 1963-ஆம் ஆண்டு தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்வதையே தடுத்தன. 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல் நீக்கப்பட்டது. இவை பொன்னைக் கட்டுப்படுத்தும் சட்டங்களே. வாங்குவோர்க்கு மாற்றைச் சான்றளிக்கும் ஏற்பாடு இந்திய தர நிர்ணய அமைவனத்தால் 2000-ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. அதுவும் அன்று விருப்பத்தின்பாற்பட்டதாகவே இருந்தது. 2021 ஜூன் 23 முதல் 256 மாவட்டங்களில் கட்டாயமாகிப் பின்னர் படிப்படியாக விரிவடைந்தது. 2021 ஜூலை முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளக் குறி ஒவ்வோர் அணிகலனுக்கும் வழங்கப்படலாயிற்று. 2023 ஏப்ரல் 1 முதல் அக்குறியில்லாத முத்திரை நகையைக் கடைகள் விற்கலாகாது என்றாயிற்று. 2025 ஜூலையில் 9 காரட்டும் முத்திரைக்குரிய தரங்களில் சேர்க்கப்பட்டது.

இன்றைய முத்திரையில் மூன்று கூறுகள் உள: அமைவனத்தின் முக்கோணச் சின்னம்; '22கே916' என்பது போன்ற மாற்றுக் குறி; ஆறு இலக்க அடையாளக் குறி. அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் அக்குறியை இட்டு, நகையின் வகை, மாற்று, சோதித்த நிலையம் ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். முத்திரையிட்ட நகையில் மாற்றுக் குறைவு தெரியவந்தால், குறைவுக்குரிய தொகையைப் போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவர்க்கு இழப்பீடாக உரியன என்று 2018-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

கடையில் அடிக்கடி கேட்கும் 'கேடிஎம்' என்பது மாற்றுக்குச் சான்றன்று. பற்றவைப்பில் காட்மியம் பயன்பட்டதை மட்டுமே அது குறித்தது. அதன் புகை பொற்கொல்லர்க்கு நஞ்சு. கடைக்காரர் தாமே '916' என்று அடித்துக்கொண்ட எண்ணும் சான்றாகாது. தனக்குத்தானே சாட்சி சொல்வதை இஸ்லாமிய நீதிமுறை ஏற்பதில்லை. விற்பவரல்லாத ஒருவர் சோதித்து அளிக்கும்போதே அது 'ஷஹாதா'வின் தன்மையைப் பெறுகிறது.

மாற்றும் மார்க்கச் சட்டமும்

இனி, இம்முத்திரை நம் வாழ்வில் தொடும் இரண்டு இடங்களைக் காண்போம்.

முதலாவது, பழைய நகையைக் கொடுத்துப் புதிய நகை வாங்குதல். பழையது மாற்றுக் குறைந்தது, புதியது உயர்ந்தது. எனவே பழையதைக் கூடுதலாகக் கொடுப்பதில் என்ன தவறு என்று பலர் எண்ணுவர். கைபரிலிருந்து உயர்வகைப் பேரீத்தங்கனி கொண்டுவந்தவரின் செய்தி இதற்கு விடையளிக்கிறது. தரம் குறைந்த கனியில் இரண்டு ஸாஃ கொடுத்து உயர்ந்ததில் ஒரு ஸாஃ வாங்கினோம் என்று அவர் கூறியபோது, அவ்வாறு செய்யலாகாது, கலப்புக் கனியைத் திர்ஹத்துக்கு விற்று அத்திர்ஹத்தைக் கொண்டு உயர்ந்ததை வாங்குக என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். நிறுக்கப்படும் பொருளுக்கும் இதுவே விதி என்று உரைத்ததாகவும் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. தர வேறுபாட்டை நபியவர்கள் மறுக்கவில்லை; அவ்வேறுபாடு விலையில் வெளிப்பட வேண்டுமேயன்றி எடையில் அன்று என்பதே போதனை.

செய்கூலி குறித்தும் முன்மாதிரி உண்டு. பொற்கொல்லர் ஒருவர், பொன்னை நகையாக்கி அதன் எடையைவிடக் கூடுதல் பொன்னுக்கு விற்று, அக்கூடுதலை உழைப்புக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார், அவர்கள் தடுத்தார்கள். முஜாஹித் (ரஹ்) வழியாக 'முவத்தா'வில் இது பதிவாகியுள்ளது. கைவினைக்கும் மதிப்புண்டு என்று இப்னு தைமிய்யா, இப்னுல் கய்யிம் ஆகியோர் கருதி நகைக்கு விலக்களித்தனர். பெரும்பான்மையோர் அதனை ஏற்கவில்லை. எனவே பழைய நகையை மாற்றுக்கேற்ற விலைக்கு விற்றுப் பணத்தைக் கைப்பற்றி, பின்னர் செய்கூலியும் சேதாரமும் சேர்த்துப் புதியதைப் பணத்துக்கு வாங்குவதே பேணுதலான வழி. இவ்விரு விலையும் நேர்மையாக அமைய, இரு நகைகளின் மாற்றும் ஐயமற அறியப்பட்டிருத்தல் வேண்டும்.

இரண்டாவது ஸகாத். பொன்னின் நிஸாப் இருபது மித்கால், மித்கால் 4.25 கிராம் என்று கொண்டால் 85 கிராம். நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் பலர் கொள்ளும் ஏழரைத் தோலா கணக்கில் 87.48 கிராம். கலப்புள்ள பொன்னில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஹனஃபிகளிடம், பொன் மிகுந்து கலப்புக் குறைந்திருந்தால் முழுவதும் பொன்னாகவே கருதப்படும். ஆகவே 22, 18, 14 காரட் நகைகளின் முழு எடையும் கணக்கில் வரும். 9 காரட்டில் பொன் 37.5 விழுக்காடே, கலப்பு மிகுந்த அதனைப் பொன் என்றே கொள்ளாமல், பிரித்தெடுக்கத்தக்க பொன்னின் அளவைக் கருதுவர்.

ஷாஃபிஈகளிடம் தூய பொன்னே நிஸாபை எட்ட வேண்டும். 22 காரட்டில் ஏறத்தாழ 92.8 கிராம், அதாவது பதினொன்றரைச் சவரனுக்குச் சற்று மேல் இருந்தால்தான் 85 கிராம் தூய பொன் ஆகும். 18 காரட்டில் 113.3 கிராம் வேண்டும். அனுமதிக்கப்பட்ட முறையில் பெண்கள் அணியும் நகைக்கு ஸகாத் இல்லை என்பது அம்மத்ஹபின் வலுவான சொல்லாதலால், சேமிப்பாக முடக்கிய பொன்னுக்கும் காசுக்கும் கட்டிக்குமே இக்கணக்கு பெரிதும் பயன்படும். எம்மத்ஹபினராயினும், ஸகாத்தைப் பணமாக வழங்குகையில் நகையின் மாற்றுக்குரிய அன்றைய விலையையே கொள்ள வேண்டும். மாற்றறியாமல் குறைத்து மதிப்பிட்டால் குறைவது ஏழையின் உரிமை. தமக்கு அளக்கும்போது நிறைவாகவும் பிறர்க்கு அளக்கும்போது குறைவாகவும் அளப்போர்க்கு ஸூரத்துல் முதஃப்பிஃபீன் விடுக்கும் எச்சரிக்கை, கடைக்காரரை மட்டும் நோக்கியதன்று.

ஆகவே இல்லத்தில் உள்ள நகைகளை ஒருமுறை எடுத்து, முத்திரையுள்ளவற்றின் மாற்றையும் கல் நீங்கிய எடையையும் எழுதிவைத்துக் கொள்வது நன்று. முத்திரையற்ற பழைய நகைகளை அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் காட்டி அறியலாம். மஹராகப் பேசப்படும் பொன்னுக்கும் எத்தனை சவரன் என்பதோடு எத்தனை காரட் என்பதையும் நிகாஹ் பதிவேட்டில் குறிப்பது, பின்னாளில் எழும் பிணக்குகளைத் தவிர்க்கும். கைபரில் அவிழ்க்கப்பட்ட மணிகள் உணர்த்திய பாடத்தை இன்றைய முத்திரை நகையை அழிக்காமலே நிறைவேற்றித் தருகிறது. அதனைப் படித்தறிவது நம் பொறுப்பு. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.